மூன்றாவது தட்டு

அக்டோபர் 9, புதன்

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. என்ன சாப்பிட்டார், பிரஷர் எவ்வளவு, மலம் போனதா என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னார். ரிட்டயர் ஆகும்வரை சத்துணவுக் கூடத்தில் முட்டைக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியவள் நான். இதையும் எழுதிவிடலாம்.

காலை: கஞ்சி, மூன்று ஸ்பூன். மதியம்: வாயில் வைத்ததை வெளியே தள்ளிவிட்டார். பக்கவாதம் அடித்த வலது கையும் காலும் அப்படியேதான். பேச்சு இல்லை.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். வாசலில் அவருடைய கொத்தனார் வேலை போட்டது போட்டபடி கிடக்கிறது. மணல், சிமென்ட் மூட்டை, கோழிவலைச் சுருள். பொள்ளாச்சி ரோட்டில் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு, தண்ணீர் ஊற்றித் தாமரை விடுவதற்கு மூன்று பெரிய சிமென்ட் தட்டுகள் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். முதல் தட்டுக்கு மணலைக் குவித்து மேடு கட்டும்போதுதான் விழுந்தார். பாதி மேடு அப்படியே நிற்கிறது. நாள் முழுக்க அதையே பார்க்கிறார்.

சாயங்காலம் அந்தப் பொம்பளை கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பதினாறு வருஷமாக அவருடைய சித்தாள். சித்தாள் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். அவர் தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தூங்கவில்லை. பிரஷர் 160/100.

அக்டோபர் 12, சனி

மழை. வாசலில் இருந்த மணல் மேடு கரைந்துவிட்டது. அதைப் பார்த்து அழுதார். கஞ்சி இறங்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நானே மண்வெட்டி எடுத்து மணலைக் குவித்துப் பார்த்தேன். கையால் தட்டத் தட்ட ஒரு பக்கம் சரிகிறது. ஈரம் போதவில்லையோ என்று தண்ணீர் ஊற்றினால் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. ஜன்னலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் இன்று ஒரு நல்ல விஷயம். மத்தியானம் துணி மாற்றும்போது வாயைத் திறந்து, "ம... ண..." என்றார். திரும்பவும் சொன்னார். என் பெயர் துளசிமணி. கல்யாணமான புதிதில் மணி என்று கூப்பிடுவார். தினகரன் பிறந்த பிறகு "ஏ, இங்க பாரு" என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கு மணி என்கிறார். திருப்பூருக்குப் போன் போட்டுத் தினகரனிடம் சொன்னேன். "அப்படீங்களாம்மா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ராத்திரி கூப்பிடுகிறேன் என்றான்.

மண்டபத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம், தந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். எப்படித் தருவார் என்று அவரும் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

நாலு நாளாக வெறும் தண்ணீரும் மாத்திரையும்தான். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். டிப்போவுக்குப் பின்னால் லைன் வீடு. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. வீடு எது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியே அவருடைய சாரப் பலகைகள் சாத்தியிருந்தன. கொடியில் ஒரு நீலச் சட்டை காய்ந்தது. போன தீபாவளிக்கு அவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது. எங்கேயோ தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

"உள்ள வாங்க டீச்சர்" என்றாள். சத்துணவில் இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

"பரவால்ல, நிக்கறேன். அவரு சாப்பிடறதில்ல."

"தெரியுமுங். மெடிக்கல்ல சொன்னாங்க."

"அந்த மணல் மேட்டைப் பார்த்தே கெடக்கறாரு. நீ வந்து அதைப் போட்டுக் குடுத்தீன்னா கொஞ்சம் தெம்பா இருப்பாரோ என்னமோ. அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"சரிங் டீச்சர்."

"காலையில வந்துட்டு மத்தியானம் போயிரணும். ஊட்டுக்குள்ள வர வேண்டாம்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.

"வாசல்லயே இருந்துக்கறனுங்" என்றாள்.

அக்டோபர் 18, வெள்ளி

காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வாசற்படிக்குக் கொண்டுவந்தேன். அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

மணலைச் சலித்து ஈரமாக்கிக் குவித்தாள். நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, வளைவாக அறுத்த பலகையை அதில் மாட்டிச் சுற்றினாள். பலகை போகிற வழியில் மணல் தானாக வழிந்து, கவிழ்த்து வைத்த பெரிய சட்டி மாதிரி ஒரு மேடு வந்தது. நாலு அடி அகலம் இருக்கும். ஒரு கை மணலைப் பிடித்துக் காட்டி, "மேஸ்திரி, ஈரம் போதுங்களா?" என்று கேட்டாள். அவர் இடது கையைக் கொஞ்சம் தூக்கி அசைத்தார். இன்னும் கொஞ்சம் தெளித்தாள்.

மேட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்தாள். சிமென்ட் கலவையை அடியிலிருந்து மேலே மேலே அப்பி, கோழிவலையைப் பதித்து, அதன் மேல் இன்னொரு பூச்சு. உச்சியில் பலகையால் தட்டித் தட்டையாக்கினாள். தட்டை மல்லாத்தியதும் அதுதான் அடிப்பாகமாம்.

மதியம் ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாகக் குடித்தார். பிரஷர் 140/90.

அக்டோபர் 20, ஞாயிறு

தட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டிருக்கிறது. காலை, மதியம், மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். நான் தெளிக்கிறேன். கஞ்சி இரண்டு வேளை. அரை வாழைப்பழம்.

அக்டோபர் 23, புதன்

இரண்டாவது தட்டு போட்டோம். கலவை சீக்கிரம் இறுகிவிடுகிறது, ஒரு ஆளால் அப்பி முடியாது. அதனால் நானும் கை கொடுத்தேன். உறையில்லாமல் அள்ளியதில் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்துவிட்டது. சுலோச்சனா, அதுதான் அவள் பெயர், கையைக் கழுவச் சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "மொதல்ல எனக்கும் இப்படித்தானுங் ஆச்சு. மேஸ்திரி திட்டிப்போட்டாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திட்டுவார்தான்.

நாங்கள் அப்படி நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் "மண, மண" என்று கத்த ஆரம்பித்தார். நான் ஓடிப்போய், "இங்கதான் இருக்கறேன், சொல்லுங்க" என்றேன். என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் "மண" என்றார். சுலோச்சனா திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தட்டுக்குக் குவித்து வைத்த மணல் வெயிலில் காய்ந்து ஓரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துத் தெளித்தாள். அடங்கிவிட்டார்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். அதனால் உள்ளே வந்துவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

கஞ்சி. மலம் போனது. பிரஷர் 150/90. எழுத வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

முதல் தட்டை மல்லாத்தினோம். பயந்துகொண்டேதான் இருந்தேன். அடியிலிருந்து மணலைக் கையால் தோண்டித் தோண்டி எடுத்து, ஒரு பக்கம் பழைய லாரி டயரைப் போட்டு, இன்னொரு பக்கம் பலகையைக் கொடுத்து நெம்ப வேண்டும். ஒருத்தி தூக்க, எதிர்ப்பக்கம் ஒருத்தி தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்குகிறவள் கையை எடுத்தால் தட்டு உடையும், அல்லது கால் போய்விடும்.

"புடிச்சுக்குவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"புடிச்சுக்குவேன்."

"பாதியில உட்றாதீங்க."

"உட மாட்டேன், தூக்கு."

தூக்கினாள். பாரம் முழுவதும் என் மேல் வந்தது. மூச்சு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மெதுவாக டயரின் மேல் இறங்கி, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது தட்டு. உள்பக்கம் மொழுமொழுவென்று ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சுலோச்சனா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவரும் கோணல் வாயோடு சிரித்தார். எங்களைப் பார்த்துத்தான்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

தினகரன் வந்திருக்கிறான். சுலோச்சனாவை இரண்டு நாள் வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். "பையன் வர்றானுங்களா" என்று கேட்டாள், அவ்வளவுதான். அதிரசம் கொடுத்தனுப்பினேன்.

அவன் வாசலில் தட்டுகளைப் பார்த்தான்.

"இதை யாரும்மா செஞ்சது?"

"ஆளு வெச்சு."

"எந்த ஆளு?"

"கூலிக்கு ஒரு ஆளு. உனக்கு எதுக்கு அது, முறுக்கு எடுத்துக்க."

அவன் முறுக்கு எடுக்கவில்லை. சாயங்காலமே கிளம்பிவிட்டான். போகும்போது, "ஊருல சிரிக்கறாங்கம்மா" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவர் இன்று சாப்பிடவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசுச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை போல.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்றாவது தட்டு. மூன்றிலும் பெரியது, ஐந்தடி. இரண்டாவதை நேற்றே மல்லாத்திவிட்டோம். காலையிலிருந்து வேலை. கடைசியில் சிமென்ட் பாலைப் பூசி மெழுகும்போது, அவரை நாற்காலியோடு மேட்டுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனோம். சுலோச்சனா அவருடைய இடது கையை எடுத்துப் பாலில் நனைத்து, தட்டின் மேல் வைத்தாள். கை தானாக வட்டமாகப் போயிற்று. ஒரு சாண் அளவு மெழுகினார். நான் நாற்காலி உருளாமல் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மழை வந்துவிட்டது. சாக்குப் போட்டு மூடிவிட்டு, சுலோச்சனாவை உள்ளே கூப்பிட்டேன். மழைக்காகத்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நிலைப்படிக்குள் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நான் கஞ்சியில் மோர் ஊற்றுவதைப் பார்த்து, "மேஸ்திரிக்கு மோரு ஊத்தினா புடிக்காதுங் டீச்சர்" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷமாக மோர் ஊற்றித்தான் கொடுக்கிறேன். ஒரு நாள்கூட அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அந்தக் கஞ்சியை நானே குடித்துவிட்டு, அவருக்கு வேறு கரைத்தேன். "நீ குடு" என்று கிண்ணத்தை அவளிடம் கொடுத்தேன். எனக்குத் துணி எடுக்கிற வேலை இருந்தது. மழையில் கொடியில் துணி எதுவும் இல்லை என்பது வெளியே போன பிறகுதான் நினைவு வந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

இருமல். சளி. உடம்பு கொதிக்கிறது. கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம் என்கிறார் டாக்டர். உடனே அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார்.

ஆம்புலன்ஸ் வரும்போது சுலோச்சனா தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "நான் கூட வரட்டுங்களா அக்கா?" என்றாள். முதல் தடவையாக அக்கா என்றாள்.

கொழுந்தனார் ரத்தினசாமி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இடம் இல்லை என்று சொன்னேன்.

நவம்பர் 7, வியாழன்

மாற்றம் இல்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். வீட்டில் தட்டுக்கு யார் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "அது வந்து தெளிச்சுட்டுப் போகுதுங்க" என்றார்.

நவம்பர் 9, சனி

போய்விட்டார். காலையில். நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தேன்.

நவம்பர் 13, புதன்

இனி பிரஷர் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் அன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

உடம்பை வாசலில் கிடத்தியிருந்தார்கள். இடத்துக்காக மணல், சிமென்ட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார்கள். மூன்றாவது தட்டு மட்டும் அசைக்க முடியாமல் மேட்டின் மேலேயே இருந்தது. சுலோச்சனாவுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. மெடிக்கலில் சொல்லியிருப்பார்கள். கையில் மாலையோடு வந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தபோது கொழுந்தனார் போய் மறித்துக்கொண்டார்.

"இங்க உனக்கென்ன வேலை?"

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிர்றனுங்."

"நாலு பேரு இருக்கற எடத்துல அசிங்கம் பண்ணாத. போயிரு."

"மாலையை மட்டும் போட்டுட்டு..."

"போன்னா போ."

தினகரன் எழுந்து நின்றான். அவள் கொழுந்தனாரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவருடைய தலைமாட்டில் இருந்தேன். சுற்றிலும் பெண்கள். ஒரே அழுகைச் சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாலையைக் கேட்டின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். யாரோ எடுத்துத் தெருவில் வீசினார்கள்.

நவம்பர் 20, புதன்

மண்டபத்து ஆட்கள் டெம்போ கொண்டுவந்து இரண்டு தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவதைக் கேட்டார்கள். இன்னும் மல்லாத்தவில்லை என்றேன். "நாங்களே தூக்கிக்கறங்க" என்றார்கள். வேண்டாம் என்றேன். இரண்டே போதும் என்று போய்விட்டார்கள்.

நவம்பர் 28, வியாழன்

டிப்போவுக்குப் பின்னால் போனேன். சாரப் பலகைகளைக் காணோம். சுலோச்சனா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"எங்க கெளம்பற?"

"தங்கச்சி ஊட்டுக்குங். காங்கயம்."

"எப்ப வருவ?"

சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள்.

"அந்தத் தட்டு அப்படியே கெடக்குது" என்றேன். "மல்லாத்தணும். நீ வந்தீன்னா..."

"ஆளு வெச்சு மல்லாத்திக்குங்க டீச்சர். மண்டபத்துல ஆளுக இருப்பாங்க."

"அவங்களுக்குப் பழக்கமில்ல. உடைச்சுப் போடுவாங்க."

"உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுதுங்."

கோபமாகச் சொல்லவில்லை. சாக்கு முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வேறு. அன்றைக்கு நாலு பேர், சொந்தக்காரர்கள், தினகரன், என் நிலைமை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்."

நீலச் சட்டை கொடியில் இல்லை. கேட்கவும் இல்லை.

தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தேன். கதவைச் சாத்தியிருந்தாள்.

டிசம்பர் 4, புதன்

காலையிலிருந்து தூறல். கொழுந்தனார் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மணலை அள்ளிவிட்டு வாசலுக்குக் கல் பாவப் போகிறாராம். தினகரன் சொன்னானாம். ஆட்களில் ஒருவன் தட்டைத் தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. "உடைச்சுத்தாங்க எடுக்கணும்" என்றான். கொழுந்தனார் கடப்பாரையை வாங்கி ஓங்கினார்.

நான் படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

பெரிதாகக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தூறலில் அவருக்குக் கேட்டிருக்குமா என்றுதான் நினைத்தேன். ஓங்கிய கை நின்றது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். ஆட்களிடம், "போதும் விடுங்கப்பா, அண்ணி வேண்டாங்கறாங்க" என்றார். பிறகு என்னிடம் வந்து, "அதுக்கென்னுங் அண்ணி, இருந்துட்டுப் போகுது. இது உங்க ஊடு. நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னா நான் மீறிச் செய்வனுங்களா? என்னிக்காவது செஞ்சிருக்கறனா?" என்றார்.

இல்லை என்றேன்.

அவர் நல்ல மனிதர்தான். நான் சொல்லி எதையும் தட்டியதில்லை. அன்றைக்குக் கேட்டில் மறித்து நின்றவரும் இவர்தான்.

அப்படியே படியில் உட்கார்ந்தேன். "என்னாச்சுங் அண்ணி?" என்று பதறிக் கேட்டார்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

அவர் தலையில் தூறல் சொட்டிக்கொண்டிருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.